அம்மா திருப்பி எடுத்துக்கொண்ட செபம்

எங்கள் அம்மா ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்வைச் சொல்லும் பொறுப்பு மூத்த மகளாகிய எனக்கு வந்திருக்கிறது. மிகைப்படுத்தாமல் எழுத முயல்கிறேன். அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

அம்மா கல்குடாவில், கடற்றொழில் செய்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை பார்த்த அப்பாவை மணந்து அங்கேயே குடியேறினார். அயலவர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார், கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார். யுத்தகாலத்தில் வீட்டை விட்டு ஓடியதையும் திரும்பி வந்ததையும் இரண்டு வசனங்களில் சொல்லி முடித்துவிடுவார்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தம்பி பிறந்தான். அவனுக்கு டவுன் சின்ட்ரோம் என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நடப்பதும் பேசுவதும் பிந்தும் என்றும், இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்றும் டாக்டர் விளக்கினார். பிள்ளையைப் பார்க்க வந்த மாமி, அப்பாவின் அக்கா, கட்டிலருகே நின்று அழுதார்.

“ஆர் செஞ்ச பாவமோ தெரியா.”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். “பாவத்துக்கு ஆண்டவர் புள்ளையத் தருவாரா மச்சாள்? அழாமப் புள்ளையத் தூக்குங்க.”

மாமி தூக்கினார். அன்று முதல் தம்பிமீது உயிரையே வைத்திருந்தவரும் அவர்தான். அந்தப் பாசத்தினால்தான் பின்னர் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு எங்களை அழைத்துப் போனார். போதகர் தம்பியின் தலையில் கைவைத்து, மற்றப் பிள்ளைகளைப்போல இவனை மாற்றும்படி மன்றாடத் தொடங்கினார். அம்மா அவருடைய கையைப் பிடித்துத் தம்பியின் நெஞ்சில் வைத்தார்.

“இஞ்சதான் ஓட்டை இரிக்கி, ஐயா. இதுக்குச் செபியுங்க. மத்தப்படி இவன் இவனாவே இரிக்கட்டும்.”

போதகர் சற்றுத் தயங்கினார். பிறகு அம்மா கேட்டபடியே செபித்தார். அடுத்த வருடம் கொழும்பில் தம்பிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. ஓட்டை அடைபட்டது.

அம்மாவின் விசுவாசம் பெரிய வார்த்தைகளில் இருக்கவில்லை. காலைப் பூசைக்குத் தம்பியைக் கூட்டிப் போவார். அவன் சத்தமாகப் பாடுவான், பாட்டு முடிந்த பிறகும் பாடுவான். திரும்பிப் பார்த்தவர்களை அம்மா பார்க்கமாட்டார். சட்டைக்குப் பொத்தான் போடுவதற்கு அவனைப் பழக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அவன் அழுத நாட்களும் அம்மா அழுத நாட்களும் இருந்தன.

அப்பா காலமான பிறகு, செபமாலை முடிந்ததும் அம்மா தனியே எதையோ முணுமுணுப்பதைக் கவனித்தேன். என்னவென்று கேட்டேன்.

“எனக்கு முன்னுக்குத் தம்பிய எடுத்திரும் எண்டு கேக்கிறன்.”

“இதெல்லாம் ஒரு செபமா, அம்மா?”

“வேற ஆரிட்டச் சொல்ற?”

இப்படியான பிள்ளைகளைப் பெற்ற வேறு தாய்மாரும் இதையே கேட்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். அம்மா பல வருடங்கள் ஒருநாளும் தவறாமல் கேட்டார்.

சென்ற ஆண்டு புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. நான் வேலைக்குப் போகும் நேரங்களில் தம்பிதான் பக்கத்தில் இருந்தான். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, ஊதி, அவர் விழுங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அவசரப்படமாட்டான். நான் கொடுத்தால் பாதியில் வேண்டாம் என்பவர், அவன் கொடுத்தால் கிண்ணத்தை முடித்துவிடுவார். பார்க்க வந்த அயல்வீட்டு அக்கா, “பாத்துக்கொள்ள ஆள் வைக்கேல்லயா?” என்று என்னிடம் கேட்டபோது அவனே பதில் சொன்னான்: “நான் இரிக்கன்.”

அந்த அக்கா போன பின் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“மகள், நான் கேட்டதத் திருப்பி எடுத்திட்டன்.”

“எத அம்மா?”

“அவன முன்னுக்கு எடுக்கச் சொன்னத. இவ்வளவு காலமும் ஆண்டவர் அதக் கேக்காம இரிந்தது நல்லதாப் போச்சி.”

“நான் அவனப் பாத்துக்கொள்ளுவன், அம்மா.”

“தெரியும். அவனும் உன்னப் பாப்பான்.”

சில வாரங்களுக்குப் பின், ஒரு ஞாயிறு காலை, நோயில்பூசுதல் என்னும் திருவருட்சாதனத்தைப் பெற்று அமைதியாகக் கண்மூடினார்.

அம்மாவுக்கு நற்கருணை கொண்டுவந்த பங்குச் சுவாமிக்கும், சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், கல்லறைவரை வந்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. யுத்தகாலத்தில் தம்பியோடு எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், சோதனைச் சாவடிகளில் எங்களுக்காகச் சிங்களத்தில் பேசி, சத்திரசிகிச்சை முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த நாங்கள் நானா என்று அழைக்கும் ஓட்டமாவடி முஸ்லிம் வேன்காரரை எங்கள் குடும்பம் மறக்காது.

இந்தக் கட்டுரையை முடிக்குமுன் தம்பியிடம், அம்மாவைப் பற்றி உன் பங்குக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

“அம்மா நல்லாச் சாப்பிட்டா எண்டு எழுது” என்றான்.