வியாழக்கிழமை நீரிழிவு வகுப்பு

கசினோக்களும் கைபேசிச் சூதாட்டமும் அரசாங்கத்துக்கு அள்ளிக் கொடுக்கிற காசில் ஒரு கிள்ளு எடுத்து, அவற்றால் கெட்டுப்போன சனங்களுக்கு உதவச் சொல்லி எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குத் தருவார்கள். வீட்டுக்கு நெருப்பு வைத்தவனே ஒரு வாளி தண்ணீரும் கொண்டுவந்து நீட்டுவது மாதிரி. வாளிக்கு ரசீதும் கேட்பான். கனடாவில், டோர்செட் பார்க் என்கிற பகுதியில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற எங்கள் அலுவலகத்துக்கும் அந்தக் காசு ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. அந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன்.

ஏன் கேட்டு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமூகத் தொண்டு ஒன்றும் இல்லை. என் அண்ணனுக்காக வாங்கினேன்.

அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். எங்கள் எல்லோருக்கும் முதல் கனடாவுக்கு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, அக்காவையும் என்னையும் கூப்பிட்டு எடுத்தவர். வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கினார். தொழிற்சாலையில் முதுகு அடிபட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, பிளாசா வாசலில் காலையில் வந்து நிற்கும் கசினோ பஸ்ஸில் ஒருநாள் சும்மா ஏறிப் போனார். பிறகு கிழமைக்கு மூன்று நாள் போனார். அதற்குப் பிறகு பஸ்ஸும் தேவைப்படவில்லை, போனிலேயே எல்லாம் வந்துவிட்டது. அண்ணனின் மனைவி, என் மச்சாள், வெட்கத்தை விட்டு என்னிடம் வாய் திறந்தபோது வீட்டின் மேல் இரண்டாவது கடனும் எடுத்தாகிவிட்டது. இன்னும் ஒரு கடன் எடுத்தால் வீடு போய்விடும் என்று சொல்லி அழுதார்.

என் வேலை தொடங்கியது. ‘சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறீர்களா? வாருங்கள், பேசலாம்’ என்று தமிழில் அறிவித்தல் அடித்து, அஜின்கோர்ட் கடைகளிலும் கோயில் அறிவித்தல் பலகையிலும் ஒட்டினேன். முதல் வியாழக்கிழமை நாற்பது றோல்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. இரண்டாம் கிழமையும் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் கிழமை ஒருவர் கதவைத் திறந்தார். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று கிழமை றோல்ஸ் சாப்பிட்டு எனக்கு நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அறை லிஃப்டுக்கு நேர் எதிரே, கண்ணாடிச் சுவரோடு இருந்தது. காலையில் உள்ளே போகிறவரின் பெயர் பின்னேரத்துக்குள் பத்து மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இருதய அறுவைச் சிகிச்சையைத் தையல் தையலாக விவரிக்கிற எங்கள் ஆட்கள் இதை மட்டும் சொல்லமாட்டார்கள். பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீடு போனாலும் பரவாயில்லை, விஷயம் வெளியே போகக்கூடாது என்று இருக்கிற சனத்துக்கு யார்தான் என்ன செய்வது?

பிறகுதான் அந்த யோசனை வந்தது. நீரிழிவு என்றால் எங்கள் சனத்துக்கு வெட்கமே இல்லை. அதில் ஒரு பெருமைகூட உண்டு. பழைய அறிவித்தலைக் கிழித்துவிட்டு ‘நீரிழிவு வகுப்பு: உணவு, மனம், குடும்பம்’ என்று புதிதாக அடித்தேன். மேலாளர் சிரித்தார். அறிக்கையில் மட்டும் சரியான பெயரை எழுது என்றார். என்ன வகுப்பு என்கிற உண்மையை, எனக்குத் தெரிந்த நாலைந்து மனைவிமாரின் காதில் மட்டும் போட்டேன். மச்சாளின் காதிலும்.

அடுத்த வியாழக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு மெய்யாகவே நீரிழிவு. குரக்கன் புட்டு எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஆலோசகப் பிள்ளையை மடக்கினார்கள். அவள் பாவம், குரக்கன் என்ன தானியம் என்று இணையத்தில் தேடிப் படித்துக்கொண்டு வந்தாள். முதல் அரைமணி நேரம் சாப்பாட்டுக் கதை. பிறகு கண்ணாடிச் சுவரின் திரையை இழுத்து மூடிவிட்டு மற்றக் கதை. விருப்பம் இல்லாதவர்கள் எழும்பிப் போகலாம் என்றோம். ஒருவரும் போகவில்லை. குரக்கன் புட்டைப் பற்றிக் கேட்ட அன்ரிதான் முதலில் வாய் திறந்தார். ஓய்வூதியம் வருகிற அன்றே பாதியைச் சுரண்டிப் பார்க்கிற லொத்தர் சீட்டுக்குக் கொடுத்துவிடுவாராம். பிள்ளைகளுக்குத் தெரியாதாம்.

அண்ணன் இரண்டாவது கிழமை வந்தார், கையில் இரத்தப் பரிசோதனைக் கடதாசியோடு. அவருக்கு நீரிழிவே இல்லை. லிஃப்டடியில் நிற்கிறவர்கள் பார்க்கட்டும் என்று கடதாசியை விரித்துப் பிடித்தபடி வந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தான் கூப்பிட்டு எடுத்த தங்கச்சிக்கு முன்னால் அவர் வாய் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் திரை மூடியதும் நான் வெளியே போய்க் கதவடியில் கதிரை போட்டு இருந்துவிடுவேன். உள்ளே பேசுவதை ஆலோசகப் பிள்ளை எனக்குச் சொல்லக்கூடாது, சொன்னதும் இல்லை. ஆனால் கதவு மெல்லிய கதவு. எட்டாவது கிழமை அண்ணனின் குரல் கேட்டது.

“நான் காசுக்காகப் போகேல்லை. வேலையும் இல்லாமல் வீட்டில இருக்கிற ஆம்பிளையை எல்லாரும் ஒரு மாதிரித்தான் பாப்பினம். அங்க போனா ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கிறேல்லை.”

கதவடியில் இருந்து அழுதேன். வேலையை விட்ட பிறகு அவரிடம் முதுகு எப்படி என்று கேட்டிருக்கிறேன், மருந்து எடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறேன். வேறு ஒன்றும் கேட்டதில்லை.

என்னைக் கசினோவுக்குள் விடாதேயுங்கோ, போனிலும் விளையாட விடாதேயுங்கோ என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஒரு முறை இங்கே உண்டு. அண்ணன் அதற்குச் சம்மதித்தார். ஆனால் என்னோடோ மச்சாளோடோ போகமாட்டாராம், அந்தப் பிள்ளையோடுதான் போவாராம். இன்னும் நாலு கிழமை வகுப்பில் இருந்துவிட்டுப் போடுகிறேன் என்றாராம். மச்சாள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொல்லும்போது சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ காலம்.

அந்த நாலு கிழமைக்குள்தான், வருடக் காசும் முடிகிற நேரம், படிவம் வந்தது. காசு தொடர்ந்து வேண்டுமென்றால் வகுப்புக்கு வருகிற எல்லோரும், நடத்துகிறவர்களில் ஒருவரும், ஆளுக்கொன்று நிரப்பவேண்டும். பெயர் தேவையில்லை. பெயரின் முதல் எழுத்தும் அஞ்சல் குறியீடும் போதும். கேள்வியும் ஒன்றுதான். உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ சூதாட்டத்தால் பாதிப்பு உண்டா, ஆம் அல்லது இல்லை.

அஞ்சல் குறியீட்டைப் போட்டால் எந்தக் கட்டடம் என்று தெரிந்துவிடும். முதல் எழுத்தைப் போட்டால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். இதைப் படிவம் அடித்தவர்களுக்கு யார் சொல்வது? அகதி விசாரணைக்கு நடந்து நடந்து, கடதாசியில் எழுதின ஒரு சொல்லுக்குப் பத்து வருடம் பதில் சொன்ன சனம் இது. உது எங்க போகும் என்று கேட்டார்கள். அரசாங்கத்துக்கு என்று உள்ளதைச் சொன்னேன். அப்போது வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பதினான்கு பேரும் பேனையை எடுத்து ‘இல்லை’ என்று போட்டார்கள். மணித்தியாலக் கணக்காய் அழுது தீர்த்த அன்ரியும் இல்லை என்று போட்டார். அண்ணனும் போட்டார்.

பதினைந்தாவது படிவம் என்னுடையது. அது மேலாளரின் கையால்தான் போகவேண்டும். மேலாளரின் மனைவியும் மச்சாளும் ஒரே கோயில். அந்த மாதம் என் மகளுக்கு ஒரு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நானும் ‘இல்லை’ என்று போட்டேன்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. எங்கள் சேவையைப் பாராட்டியிருந்தார்கள். இணைத்திருந்த அறிவித்தலை மொழிபெயர்த்துப் பார்த்தார்களாம், நீரிழிவு பற்றிய எங்கள் அக்கறை மெச்சத்தக்கதாம். ஆனால் இந்தச் சமூகத்தில் சூதாட்டப் பாதிப்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லாதபடியால், காசு வேறு இடத்துக்குப் போகிறதாம்.

கடிதம் எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினேன். எல்லோரும் பயத்தில் பொய் எழுதினார்கள் என்றேன். அவர் பொறுமையான மனுசி. ஒரேயொரு படிவத்தில் ‘ஆம்’ என்று இருந்திருந்தால் அதை வைத்து மேலிடத்தில் கேட்டிருப்பேன் என்றார். வகுப்பு நடத்தியவரின் படிவத்திலும் ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஆலோசகப் பிள்ளை வேறு நகரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஏன் வகுப்பு நின்றது என்று கேட்ட எல்லோருக்கும், எல்லோரும் ‘இல்லை’ என்று போட்டபடியால்தான் என்றேன். நகரத்தின் நடுவில் இதே சேவை ஆங்கிலத்தில் இருக்கிறது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அண்ணனிடம் கெஞ்சினேன்.

“அங்க போய் இங்கிலீசில அழச் சொல்லுறியோ?” என்றார்.

கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது கடனை எடுத்தார். கோடையில் வீட்டை விற்று, கடனெல்லாம் அடைத்து, இப்போது எங்கள் அலுவலகம் இருக்கிற அதே கட்டடத்தில் நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். மேலாளர் கெட்டிக்காரர். அந்தக் கடிதத்தையே காட்டி வேறொரு இடத்தில் நீரிழிவுக்குக் காசு எடுத்துவிட்டார். வியாழக்கிழமைகளில் அந்த அறையில் இப்போது மெய்யாகவே நீரிழிவு வகுப்பு நடக்கிறது. கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

போன கிழமை வேலை முடித்து மேலே போனேன். அண்ணன் ஜன்னலடியில் போனும் கையுமாக இருந்தார். மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“பிள்ளை, அண்டைக்கு நான் ஒராளாவது ‘ஓம்’ எண்டு போட்டிருந்தா வகுப்பு நிண்டிருக்காது, என்ன?” என்று கேட்டார். “இந்த வயசில உவளையும் வீடில்லாமல் ஆக்கிப்போட்டன்.”

மச்சாள் என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார், ஒரு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக நேருக்கு நேர்.

“விடுங்கோ அண்ணை, தேத்தண்ணி ஆறுது” என்றேன்.