ஏரிக்கரையில் தமிழ் கற்றவள்

எட்டாம் வகுப்பில் ஆவடிப் பள்ளியில் சேர்ந்த அன்று, என் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அதன்பின் வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தவளும் புதியவள்தான். அசாமிலிருந்து வந்தவள், தமிழ் தெரியாது. நெற்றியில் விழும் முடியைக் கையால் தொடாமல் ஊதி ஊதியே விலக்குவாள்.

மாலைகளில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடப்போம். தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகக் கலந்து கிடக்கும். அவள் எதையாவது சுட்டுவாள், நான் பெயர் சொல்வேன். தூக்கத்தில் பேசுகிறவளைப் போல அதை முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள், "நேத்து ஏன் வரலை?" என்று ஆசிரியர் அவளைக் கேட்டார்.

"மேலுக்குச் சொகமில்ல சார்."

"இன்னா சொல்றா இவ?" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

மாலையில் நான், "ஏட்டி, அது எங்க ஊர்ப் பேச்சு. இங்க 'ஒடம்பு சரியில்ல'ன்னு சொல்லணும்" என்றேன்.

"தெரியும். ஆனா நீ மட்டும் தனியால்லா இருந்த. இப்ப நாம ரெண்டு பேரு."

மறுநாள் வகுப்பில் நான் கை தூக்கிப் பதில் சொன்னேன்.

ஆண்டு முடிவில் அவள் அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது. கொஞ்சம் வார்த்தைகளே கைவசம் இருந்தவளுக்கு, எனக்கு வேண்டியதை மட்டும் சொல்ல எப்படித் தெரிந்தது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.