கலக்காமல் ஊற்றுகிற உத்தியோகம்

பாரில் நிற்கிறவனுக்கு எல்லா வேலையும் கலக்குகிற வேலை. சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்கிற அந்தச் சின்னக் கிளாஸ் ஒன்றுதான் கலக்காமல் இருக்கிற வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்றே கால் வீங்கிப்போன என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். காபி வாசனையடிக்கிற கெட்டிச் சரக்கு அடியில், பாலேடு நிறத்தில் கிரீம் சரக்கு நடுவில், ஆரஞ்சு வாசனைச் சரக்கு மேலே. மூன்றும் தித்திப்பு. மூன்றும் கோடு கிழித்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று நிற்க வேண்டும். கை கொஞ்சம் பதறினால் போச்சு, மழைநாள் சாக்கடைதான்.

நான் இதை ஊற்றியது குன்னூரில், ஒரு ஹோட்டலில். என் கல்யாணத்தின்போது அங்கே ரூம் சர்வீஸில் இருந்தேன். அப்புறம் பாருக்கு மாற்றினார்கள். அன்றோடு என் மாமனார் எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். கேத்தியில் கேரட் போடுகிற மனுஷர். குடி என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார். "சாராயம் ஊத்தற கையில நான் பச்சத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேனுங்க மாப்ளே" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார், அதையும் மரியாதை குறையாமல். என் மனைவி சாந்திக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் எங்கள் பெண்ணை உட்காரவைத்துக் காது குத்த மாமன் மடி இல்லை, அம்மாவைப் பெற்ற அப்பிச்சி மடிதான். "எங்கப்பா வராம காது குத்தக் கூடாது" என்று சாந்தி ஒரே பிடிவாதம். குழந்தை நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, அப்பவும் மூளிக் காதோடுதான் திரிந்துகொண்டிருந்தது. தெருவில் கேட்காத ஆள் இல்லை.

கரண்டியின் முதுகு

மெனு கார்டில் இந்தக் கிளாஸின் பெயர் இருந்தது. செய்யத் தெரிந்தவர்தான் யாரும் இல்லை. பாருக்கு வந்த புதிதில், குடும்பத்தோடு தங்க வந்திருந்த ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டார். நான் மூன்று பாட்டிலையும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சளசளவென்று ஊற்றினேன். கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். கரண்டியைக் குப்புறத் திருப்பி, கிளாஸின் உள்பக்கச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்து, அதன் முதுகின்மேல் கிரீமை நூல் மாதிரி விட்டார்.

ஐயோ சாமி! கிரீம் வழுக்கிக்கொண்டு போய், கீழே இருந்த கறுப்பின்மேல் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. அதன்மேல் ஆரஞ்சு ஏறி நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. தண்ணீர் மேல் தண்ணீர் நிற்குமா? கண்ணெதிரே நிற்கிறதே! கையைக் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்பதுபோல் நின்றேன். அந்த அம்மா கரண்டியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எதுல தித்திப்பு ஜாஸ்தியோ அது கனம், அடியில போயிரும். பயப்படாதீங்க, நீங்க கலக்கினாத்தான் அது கலக்கும்."

பாட்டிலுக்கு ஸ்வெட்டர்

மலையில் பார் நடத்துகிறவனுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. உறைபனிக் காலத்தில் கிரீம் பாட்டில் கூழாகிவிடும். கரண்டியின் முதுகில் விட்டால் வழுக்காது, கட்டி கட்டியாக விழும். அதனால் சாயங்காலமே அந்தப் பாட்டிலை எடுத்து என் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்வேன். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல்தான் இருக்கும்.

அப்படி ஒரு குளிரில் கிளென்மார்கன் பக்கத்திலிருந்து ஒரு எஸ்டேட் மேனேஜர் மனைவியோடு சாப்பிட வந்தார். உப்பு கேட்பதைக்கூட லேபரை விரட்டுகிற குரலில் கேட்பார். நான் ஸ்வெட்டருக்குள்ளிருந்து பாட்டிலை உருவியதும் அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயத்தைச் சொல்லி, இருவருக்கும் ஊற்றி வைத்தேன். மேனேஜர் கிளாஸைத் தூக்கிக் கணப்புத் தீயின் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் பிடித்தவர்தான். அவர் மனைவி குடித்து முடித்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்தே விட்டார். "சார், குடிக்கலீங்களா?" என்றேன். அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு மெல்லிய குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது: "குடிச்சுட்டா அப்புறம் எதையப்பா பார்க்கறது?"

ராசு அண்ணனின் பாசம்

எங்கள் சமையல்கட்டில் டீ மாஸ்டர் ராசு அண்ணன். தங்கமான மனுஷர். டீயை ஆள் உயரத்திலிருந்து ஆத்தினால்தான் அவருக்குத் தூக்கமே வரும். ஒருநாள் ஒரு மேஜைக்காக நாலு கிளாஸ் அடுக்கி வைத்துவிட்டு, தட்டு எடுக்கத் திரும்பினேன். அந்தப் பக்கமாக வந்தவர், கூட மாட ஒத்தாசை செய்வோமே என்று நினைத்துவிட்டார். நான் திரும்புவதற்குள் நாலையும் ஒரு டம்ளரில் கொட்டி, இன்னொரு டம்ளருக்கு ஓங்கி ஓங்கி ஆத்தி, நுரை தளும்பத் திரும்பவும் அதே கிளாஸ்களில் பங்குபோட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. கொடுமை என்னவென்றால், குடித்தவர்கள் பிரமாதம் என்று இன்னொரு சுற்று கேட்டார்கள்! "என்னண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அவருக்கு என்மேல்தான் கோபம்: "அடியில தங்கிப்போனதை ஆத்தாமக் குடுத்தா, மேல குடிக்கறவங்களுக்குச் சப்புன்னு இருக்காதாப்பா?"

மரம் விழுந்த நாள்

எங்கள் ஹோட்டலுக்குக் கேரட் வருவது என் மாமனார் தோட்டத்திலிருந்துதான். பின்வாசலில் மூட்டையை இறக்குவார், சமையல்கட்டோடு திரும்பிவிடுவார். பார் இருக்கிற திசைக்குக் கழுத்துகூடத் திரும்பாது. ஒரு மழைநாள் மத்தியானம் அவர் மூட்டையை இறக்கிய நேரம் பார்த்து கேத்தி ரோட்டில் மரம் விழுந்து, வண்டியெல்லாம் நின்றுவிட்டது. தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவரை ராசு அண்ணன் கையைப் பிடித்து இழுத்துவந்து, சாப்பாட்டு ஹாலில் கணப்புக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார். எதிரே என் கவுண்டர். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். ராசு அண்ணன் கொடுத்த டீயை வாங்கிக் குடித்தார். பச்சைத்தண்ணீர்கூட நான் கொடுக்க முடியாதே!

அப்போதுதான் அது தோன்றியது. அவர் இறக்கிய கேரட்டையே எடுத்துச் சாறு பிழிந்து, சர்க்கரை போட்டு இளம்பாகாகக் காய்ச்சி ஆறவைத்தேன். மலைத்தேன் இருந்தது. கிரீம் இருந்தது. எல்லாவற்றையும் அவர் மேஜைக்கே கொண்டுபோனேன். "ஒரு சொட்டுச் சரக்கு இல்லீங்க மாமா. தேனு, உங்க கேரட்டு, பால் கிரீமு. உங்க கண்ணு முன்னாலயே ஊத்தறேனுங்க." அவர் என் முகத்தைப் பார்க்காமலே டீ டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். தேனை விட்டேன். கரண்டியின் முதுகில் கேரட் பாகை விட்டேன், கிரீமை விட்டேன். மூன்றும் நின்றன. மாமனார் மெல்லக் குனிந்து, மேஜையில் தாடை படுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுவந்தார்: "ஏனுங்க மாப்ளே, நம்ம கேரட்டு கீழயும் போகாம மேலயும் வராம நடுவுல எப்படீங்க நிக்குது?"

தேன் இறங்கும் வரை

கிளாஸை எடுத்து முகர்ந்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு எழுந்து நின்று, அண்ணாந்து, கிளாஸை வாய்க்கு மேலே தூக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் எச்சில் படக் குடிக்கிற ஆள் கிடையாது, தண்ணீரானாலும் தூக்கித்தான் குடிப்பார். அதை மறந்தே போய்விட்டேன்! மொத்தமும் கலந்து கொட்டப்போகிறது, காட்டிய வித்தையெல்லாம் வீண் என்று கண்ணை மூடப்போனேன்.

கலக்கவில்லை. அவர் சாய்க்கச் சாய்க்க முதலில் வெள்ளை இறங்கியது. விழுங்கினார். அப்புறம் ஆரஞ்சு நிறம் இறங்கியது. விழுங்கினார். எத்தனையோ பேருக்கு ஊற்றியிருக்கிறேன், எல்லோரும் உதட்டில் வைத்துக் குடித்தவர்கள். அது இப்படி முறை வைத்து ஒன்றொன்றாக இறங்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் தேன் மட்டும் அடியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. மாமனார் கையை இறக்கவில்லை. அண்ணாந்த தலை அண்ணாந்தபடியே இருந்தது. "கரண்டி வேணுமாக்கும்" என்று கிளம்பிய ராசு அண்ணனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தேன் மெதுவாக விளிம்புக்கு வந்து, நூலாக நீண்டு, அவர் நாக்கில் விழுந்தது.

கிளாஸை வைத்துவிட்டுத் துண்டால் மீசையைத் துடைத்தார். அந்தப் பச்சைத்தண்ணீர்ப் பேச்சுக்கு அப்புறம் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்! அவர் சொன்னது இதுதான்: "காதுகுத்துக்கு வர்ற சனத்துக்கெல்லாம் இதை உங்க கையாலயே ஊத்திக் குடுத்தர முடியுமுங்களா மாப்ளே?"

ஊற்றினேன் தோழர்களே, ஊர்ச்சனத்துக்கே ஊற்றிப் பந்தலில் வரிசையாக அடுக்கிவிட்டு, அப்பிச்சி மடியில் என் பெண் போட்ட அலறலுக்கு ஓடிப்போய்த் திரும்பிவந்து பார்த்தால், ராசு அண்ணன் அத்தனையையும் ஒரே அண்டாவில் கவிழ்த்து நுரை பொங்க ஆத்திக்கொண்டிருந்தார்.