மெப்பை மூடின மிஸ்

பிலோமினா இறந்த செய்தி எங்கள் தீ அறிவிப்புக் குழுவில்தான் வந்தது. முருங்கன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கட்டுக்கரைப் பக்கம் புகை தெரிகிறது என்று யாரோ ஒரு படம் போட்டிருந்தார். அதற்குக் கீழே, "பிலோமினா மிஸ் இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டா. மாரடைப்பாம்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே அதே புகையின் இன்னொரு படம். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் என் கண் முதலில் பார்த்தது. பழக்கதோஷம். நடுவில் இருந்த வரி உறைப்பதற்குள் என் பஸ் வந்து போய்விட்டது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வறண்ட மாதங்களில் மன்னார்ப் பெருநிலத்துக் காடுகள் பற்றும்போது, அணைக்கப் போகிற எல்லோரும் கைபேசியில் ஒரே வரைபடத்தை, எங்கள் பேச்சில் மெப்பை, பார்த்துத்தான் நகர்வார்கள். தீ எங்கே நிற்கிறது, எந்தக் குளத்தில் தண்ணீர் கிடக்கிறது, தண்ணீர் ஏற்றிய பவுசர் எந்தப் பாதையால் போகும், மிதிவெடி எங்கே இன்னும் எடுபடவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். களத்தில் நிற்கும் என்னைப் போன்றவர்கள் குறித்து அனுப்புவோம். கந்தோர் மேசையில் இருந்தபடி அதையெல்லாம் மேய்த்துக்கொண்டிருந்தவர் பிலோமினா.

அடக்கத்தன்று பேசாலைச் சேமக்காலையில் நல்ல கூட்டம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இரங்கல் உரை ஆற்றினார். "ஒரு முறை அவர் தவறியிருக்கலாம். தவறாதவர் யார்?" என்று பெருந்தன்மையாக மன்னித்தார். எனக்கு முன்னால் நின்ற பெண்ணொருத்தி பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்:

"இவதானே அந்த மெப்பை மூடின மிஸ்?"

"ஓம், அவதான். விளாத்திமோட்டையிலை வீடு எரிஞ்சது இவவாலைதானே."

நான் அவர்களுக்குப் பின்னால் கையில் மண்ணோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. அன்று தவறியவர் பிலோமினா அல்லர். அந்தத் தவறு என்னுடையது. அதைச் சொல்ல எனக்கு அவருடைய சாவு தேவைப்பட்டிருக்கிறது என்று நினைக்க, எனக்கே என்னில் அருவருப்பாக இருக்கிறது.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய இரண்டு கேள்விகள் மறக்காது. "ஆர் சொன்னது? எப்ப பாத்தது?" வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தாலும் இந்த இரண்டு பெட்டிகளையும் நிரப்பவேண்டும். நேரில் பார்த்தது பச்சை, கேள்விப்பட்டது மஞ்சள். மஞ்சளை நம்பி அவர் ஒரு வாகனத்தையும் விடமாட்டார். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் தொலைபேசியில் சொன்ன இடத்தைப் பிலோமினா மஞ்சளில் போட்டுவிட்டார். அதிகாரிக்குச் சூடு ஏறிவிட்டது.

"நான் சொன்னது கேள்விப்பட்ட கதையோ, மிஸ்?"

"ஓம் சேர். நீங்கள் ஏசி அறைக்குள்ளை இருந்தல்லோ சொன்னனீங்கள். அங்கையிருந்து புகை தெரியுதெண்டால் சொல்லுங்கோ, பச்சையாக்கிறன்."

நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும்பாடு. பிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

என்னையும் அவர் விட்டுவைத்ததில்லை. கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துபோனால் பாதை தானாகப் பதியும். அந்தக் கோடு கோணல்மாணலாக இருக்கும். அலுப்பில் நான் சில வேளை விரலால் கீறி அனுப்பிவிடுவேன். "நேசன், உங்கட கோடு கலியாண வீட்டுக் கோலம் மாதிரி நல்ல வடிவு. காலாலை நடந்த மனுசன் இப்பிடி வளையமாட்டான்," என்பார். பிறகு அதை மஞ்சளாக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்.

இனி, நான்கு வருடத்துக்கு முந்திய விளாத்திமோட்டைக்கு வருகிறேன். அது என் தகப்பனாரின் ஊர். நான் பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். அங்கே அப்பா ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "பழைய பாதை" என்று ஒன்று வரும். குளத்துக்குப் பின்னால் பாலை மரங்களுக்குள்ளால் போகிற வண்டில் பாதை. எத்தனையாவது திருப்பத்தில் எந்த மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாங்கள் திரும்பி வந்தபோது அந்தக் காட்டு வாசலில் மிதிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை நின்றது. ஆனால் போருக்குப் பிறகு அங்கே குடியேறியவர்களுக்குப் பழைய பாதை வேறு. தார் ஊற்றிக் காப்பெற் வீதி போடுவதற்கு முன்னர் அவர்கள் பாவித்த கிரவல் மண் பாதையைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பாதைகள். இதை ஒருவரும் ஒருவருக்கும் விளக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தங்கள் பழைய பாதை எது என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்று சோளகக் காற்று விடியலிலிருந்தே மூர்க்கமாக இருந்தது. மதியம் கழியும்போது தீ ஊரை நோக்கித் திரும்பிவிட்டது. பறவைகள் எங்கள் தலைக்கு மேலால் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. நான் குளக்கட்டில் நின்றேன். போருக்குப் பிறகு குடியேறியவரான கிராமச் சங்கத் தலைவர் அழைத்தார்.

"தம்பி, காப்பெற் ரோட்டிலை மரம் முறிஞ்சு விழுந்து கிடக்கு. பவுசரைப் பழைய பாதையாலை வரச்சொல்லுங்கோ. கெதியா!"

அப்பாவின் பாதையை விரலால் கீறினேன். மஞ்சளில் போட்டால் பிலோமினா வாகனத்தை விடமாட்டார் என்று தெரியும். என் ஊரை எனக்குத் தெரியாதா என்ற திமிர் வேறு. "ஆர் சொன்னது" என்ற பெட்டியில் என் பெயரைப் போட்டேன். "எப்ப பாத்தது" என்பதில் "இன்று, நேரில்" என்று போட்டேன். பச்சைக் கோடு போய் எல்லோர் கைபேசியிலும் விழுந்தது. மண்டையோட்டுப் பலகை என் நினைவில் அந்த நேரம் இல்லவே இல்லை. அப்பாவின் கதையில் அந்தப் பலகை இருந்ததில்லை.

சிக்னல் குறைந்த இடத்தில் மெல்லிய கோடு முதலில் வரும். மிதிவெடியைக் காட்டும் சிவப்புப் பரப்புகள் பாரமானவை, ஆறுதலாகத்தான் வரும். என் திரையிலும் பவுசர் ஓட்டிய யாசீனின் திரையிலும் பச்சை மட்டுமே தெரிந்தது. கந்தோரில் பிலோமினாவின் திரையில் இரண்டும் தெரிந்தன. உடனே என்னை அழைத்தார்.

"நேசன், பழைய பாதை நீங்கள் நேரிலை பாத்ததோ?"

"ஓம்."

"இண்டைக்கோ?"

"ஓம்."

அவர் விசைகளைத் தட்டுவது கேட்டது.

"அப்ப மிதிவெடிக்குள்ளாலை நடந்தே போனனீங்கள்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. யாசீனின் தொலைபேசி எடுபடவில்லை. ஒரு கோட்டை மட்டும் அழித்தால் அந்த அழிப்பு ஒவ்வொரு கைபேசிக்கும் போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். முழு வரைபடத்தையும் மூடினால் எல்லோருடைய திரையும் உடனே வெறுமையாகும். அவர் மூடினார். என் கையிலிருந்த கைபேசி வெள்ளையாகிப்போனது.

யாசீன் காட்டுப் பாதையின் வாசலில் பவுசரை நிறுத்தினான். பின்னால் மூன்று பேர் குழாயைப் பிடித்தபடி இருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவன் வெற்றுத் திரையைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் காட்டுக்குள் முதலாவது வெடித்தது. தீ மிதிவெடி நிலத்துக்குள் இறங்கிவிட்டது. பிறகு அடுத்தது, அதற்குப் பிறகு அடுத்தது. அப்பாவின் பாலை மரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. வெடிச்சத்தம் நான் கீறிய கோட்டின் வழியே எங்களை நோக்கி நடந்து வந்தது. யாசீன் பவுசரைப் பின்னால் எடுத்தான்.

திருப்பிய பிறகு பிலோமினாவின் அழைப்பு அவனுக்குக் கிடைத்தது.

"மிஸ், ஆர் இந்தக் கோட்டைக் கீறினது?" என்று கத்தினான். நான் அவனருகில் நின்றேன்.

"மெப் என்ர பொறுப்பு, யாசீன். பிழையும் என்ர. நீங்கள் கிரவல் பாதையாலை போங்கோ."

ஆனால் வரைபடம் மூடியிருந்த நேரத்தில் ஊரின் கிழக்குப் பக்கம் நின்ற குழுவுக்கும் கண் கட்டியதுபோல் ஆகிவிட்டது. தீ அவர்கள் பக்கம் திரும்பியதை அவர்கள் பிந்தித்தான் அறிந்தார்கள். அங்கே இருந்த பவளம் அக்காவின் கிடுகு வீடு எரிந்தது. கட்டையோடு கட்டியிருந்த ஆடுகளும் எரிந்தன. அந்தக் கத்தலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

விசாரணை நடந்தது. வரைபடத்தை ஏன் மூடினீர்கள் என்று கேட்டார்கள். பிழை இருந்தது, மூடினேன் என்றார். யாருடைய பிழை என்றார்கள். மெப் என்ர பொறுப்பு என்று அதையே திருப்பிச் சொன்னார். என்னையும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அவரைக் கடிதங்கள் பதியும் பிரிவுக்கு மாற்றிவிட்டு, வரைபடத்தை என் பொறுப்பில் தந்தார்கள். ஆம், என்னிடம்தான் தந்தார்கள்.

ஒருநாள் அவருடைய மேசைக்குப் போனேன். முன்னாலிருந்த கதிரையைக் காட்டினார். நான் அமரவில்லை.

"ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை?"

"நான் உங்களைக் காட்டிக் குடுத்தால் அடுத்த தீக்கு ஒருத்தரும் கோடு கீறமாட்டினம். பயத்திலை வெறும் கையோடை நிப்பினம்." கடித உறையை ஒட்டிக்கொண்டே சொன்னார். "ஆனா நீங்களாப் போய்ச் சொல்லலாம். அது வேறை."

"சொல்லுறன்," என்றேன்.

பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "என்ன நேசன், இண்டைக்கு என்ன காத்து?" என்பார். கடற்கரைக்காரி அவர், காற்று எதுவென்று என்னிடம் கேட்டறிய வேண்டியவர் அல்லர். நான் "சோளகம்" என்பேன், "கச்சான்" என்பேன், கண்ணைப் பார்க்காமல் இறங்கிப் போவேன். அவர் ஒருநாளும் முகத்தைச் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் விளாத்திமோட்டைக்குப் போனேன். பவளம் அக்கா ஓட்டு வீட்டு வாசலில் புளி கோதிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, பொய், விசாரணையில் சொன்ன இன்னொரு பொய். திட்டுவார், கையில் கிடைத்ததை எறிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் புளிச் சுளகைக் கீழே வைத்தார்.

"அவ, வீடு எரிஞ்ச மற்றநாள் கூரைக்குப் போடத் தறப்பாள் கொண்டு வந்தவ," என்றார். "படலையைத் திறக்காம நான் உள்ளுக்கை இருந்திட்டன். கனநேரம் வெயிலுக்கை நிண்டவ. நான் தூசணத்தாலை பேசினனான் தம்பி, அவவின்ர பிள்ளையளையும் சேத்து. கேட்டுக்கொண்டு நிண்டிட்டு, தறப்பாளை வேலியிலை போட்டிட்டுப் போனவ." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீ என்னட்டை வந்து சொல்லலாம். நான் இனி ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

வேலிக்கு வெளியே சருகுகள் எழும்பிச் சுழன்றன. இந்த வருடத்துச் சோளகம் தொடங்கிவிட்டது. பிலோமினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, நானாகப் போய்ச் சொல்ல அவர் தந்த தவணை. நான்கு வருடம் தந்தார். நான் அதில் ஒரு நாளையேனும் பாவிக்கவில்லை.