பொறுக்கும் சூட்டில் ஊற்றிய பால்

இந்த மலையில் காப்பியை ஆற்றிக் குடிக்க நினைப்பவள் ஏமாந்துபோவாள். ஊர்ப் பழக்கத்தில் இரண்டு ஆற்று ஆற்றினால் போதும், தம்ளரைப் பிடித்த விரலுக்குக்கூடச் சூடு தெரியாது. கல்யாணமாகி வந்த முதல் மாதம் முழுக்க நான் பச்சைத் தண்ணீர் மாதிரித்தான் காப்பி குடித்தேன். அனுமந்தன்பட்டியிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பகல் பயணம்தான். ஆனால் குமுளியைத் தாண்டினால் ராஜ்யம் வேறு, காசு வேறு, பேச்சு வேறு. ரங்கூனுக்கும் கண்டிக்கும் போனவர்கள் திரும்பிப் பார்த்தால் கடல்தான் தெரியும். எனக்கோ, மேகம் விலகிய நாளில் மலை விளிம்பில் நின்றால் கம்பத்து வயல்கள் பச்சையாகத் தெரியும். தெரிந்து தொலைப்பதால்தான் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு விளிம்புக்குப் போய் நின்று, சோறு குழைந்துபோன நாட்கள் பல உண்டு.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. சீமைக்குத் திரும்பிப் போன துரைசாணி, தன் பிளாஸ்க்கை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதன் தகர உறையைக் கழற்றி எனக்குக் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குடுவைகள், முகம் பார்க்கும் கண்ணாடி போல ரசம் பூசியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்துவிட்டார்களாம். காற்றே இல்லாததால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை, வெளிச் சூடு உள்ளே வரவும் வழியில்லை, அதனால் ஐஸ் போட்டாலும் அப்படியே இருக்கும் என்றார். காலையில் ஊற்றிய காப்பியைச் சாயங்காலம் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டபோதுதான் நம்பினேன். அப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அப்போது என் மகனுக்கு ஏழு மாதம். காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிப்போனதால் பசும்பாலைப் பாலாடையில் புகட்டிக்கொண்டிருந்தேன். குலசாமிக்கு முடியிறக்க ஊருக்குப் புறப்பட்டபோது, வழிநெடுகப் பாலுக்கு என்ன செய்வது என்ற கவலையே எனக்கு இல்லை, பிளாஸ்க் இருக்கிறதே. தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் அன்னம்மா, கோட்டயத்துப் பக்கத்துக்காரி. கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடு, கொடுக்கும்போது கொடுக்கும்போது ஆற்றிக்கொள் என்றாள். நான் சிரித்தேன். குடிக்கிற தண்ணீரைக்கூடக் கொதிக்கவைத்துக் குடிக்கிற ஜனம், இவளுக்கு எல்லாமே கொதிக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் சம்மதித்துச் சிரிப்பதாக நினைத்து அவளும் சிரித்தாள். நம் ஊரில் குழந்தைக்குப் பாலென்றால் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பொறுக்கிற சூடு வந்த பிறகுதானே கொடுப்போம். அந்தச் சூட்டிலேயே ஊற்றினால் வழியில் ஆற்றும் வேலையும் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். விடியுமுன் பாலைக் காய்ச்சி, பதமாக ஆற்றி, பிளாஸ்க்கில் ஊற்றித் தக்கையை அழுத்தினேன்.

தேயிலை லாரியில் குமுளி, அங்கிருந்து பஸ். மலைப்பாதை வளைவில் பஸ் நின்றுபோய் வெகுநேரம் கிடந்தோம். வெயில் ஏறிய பிறகு ஒருமுறை புகட்டினேன். கூடலூரைத் தாண்டி மறுபடி தக்கையைத் திறந்தபோது லேசாக ஒரு வாடை. தக்கையின் வாடை என்று நினைத்துக்கொண்டேன். பால் அதே வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டே அவனுக்குப் புகட்டினேன்.

வீட்டில் கால் வைத்ததும் அய்யாவிடமும் அண்ணனிடமும் பிளாஸ்க் புராணம் பாடினேன். பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் கண்டுவிட்டது. உத்தமபாளையத்து டாக்டர் வந்து மருந்து கொடுத்தும் நாலு நாள் கண்ணே திறக்கவில்லை. நான் செத்துப் பிழைத்தேன். இடையில் ஒருமுறை பிளாஸ்க்கின் தக்கையை மோந்து பார்த்தேன். யாரோ கழுவி வைத்திருந்தார்கள், ஆனாலும் புளிப்பு போகவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டதற்கு, பசும்பால் என்று மட்டும் சொன்னேன். மலைக் குளிர் பிள்ளைக்கு ஆகவில்லை என்று வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் தப்பை மலை ஏற்றுக்கொண்டது. அதற்குக் கூலியாக, பிள்ளை தேறும்வரை கீழேயே இருக்கட்டும் என்று அய்யா முடிவு செய்தார். அண்ணன் மனைவிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்த மதினியின் இடுப்பில் அவனை விட்டுவிட்டு நான் மலையேறினேன்.

அன்னம்மாவிடம் சொல்லி அழுதேன். வெதுவெதுப்பான பாலை அப்படியே மணிக்கணக்கில் வைத்தால், உறை ஊற்றாமலே கெட்டுப்போகும் என்றாள். பிளாஸ்க் எதையும் காய்ச்சாது, கொடுத்த சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். மலையேறி வந்திருக்கும் என் போன்றவர்களுக்குச் சொல்கிறேன்: வெந்நீரால் பிளாஸ்க்கை அலசிவிட்டு, கொதிக்கும் பாலை ஊற்றுங்கள். அப்போதுகூடக் குழந்தைக்கான பாலை வெகுநேரம் வைக்காதீர்கள். குளிரால் இல்லை, பாலால்தான் என்று ஊருக்கு ஒரு கார்டில் இரண்டு வரி எழுதியிருந்தால் பிள்ளை என்னிடம் வந்திருப்பான். எழுதுவேன், கிழிப்பேன். இடையில் ஊருக்குப் போன இரண்டு தடவையும் வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினேன். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் போனபோது, என் பிள்ளை என்னைக் கண்டதும் மதினியின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவளை ஆத்தா என்று கூப்பிட்டான். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. புறப்படும் நாளில், அடுக்களையில் அவள் தனியாக இருந்தபோது சொன்னேன்.

"மதினி, அன்னைக்குப் பிள்ளைக்கு ஆகாமப் போனது குளிரால இல்ல. பிளாஸ்க்குல இருந்த பால் கெட்டுப்போச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

"எனக்குந்தான் தெரியும்," என்றாள் மதினி, அரிசி களைந்தபடியே. "அதக் கழுவுனது நாந்தானே. கட்டி கட்டியா விழுந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பிள்ளைய உங்கூட அனுப்பிருப்பாகளே."

எனக்குக் கோபம் வந்தது. பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் எந்த வாயால் கேட்பது? மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இங்கன வா. இவுகதான் உன்னப் பெத்தவுக. இவுக கூட மலைக்குப் போறியா?"

அவன் என்னைப் பார்த்தான். மலையில் யானை இருக்குமா என்று கேட்டான். இருக்கும் என்றேன். "அப்ப நீயும் வா ஆத்தா," என்றான் அவளிடம். கேட்டுக் கேட்டு அலுத்து, என் மடியில் தலைவைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினியின் முந்தானையை முறுக்கிப் பிடித்தபடி தூங்கிப்போனான். குமுளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணன் வாசலிலிருந்து இரண்டு முறை சொன்னார். பிள்ளையின் விரல்களைப் பிரிக்க என்னாலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை.