வேகாத மூட்டையில் நான் போட்ட கோடுகள்

அம்மாவின் போன் மணியைச் சேவல் கூவலாக மாற்றி வைத்தது நான்தான். போன செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சேவல் கூவித்தான் பிலோமினா அக்கா மாரடைப்பில் போய்விட்ட செய்தி வந்தது. அம்மா தோசைக் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு முதலில் வந்தது பொறாமை. நான் போனால் இப்படி அழுவாரா?

நாமக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷன் துணிகளையும் கருவிகளையும் அழுத்த நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் அறையில் அவரும் அம்மாவும் பதினோரு வருஷ ஜோடி. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். ‘ஆவி அக்கா’ என்று அவருக்குப் பெயர் வைத்ததும் நானே. இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

என் மார்க் பட்டியலை அம்மா மூன்று முறை திருப்பிப் பார்ப்பார். பிலோமினா அக்கா “வெந்திருச்சு” என்றால் அந்தத் துணி மூட்டையை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்க மாட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூட்டைகளின் மேல் ஒரு டேப் ஒட்டியிருப்பார்கள். நீராவியில் வெந்தால்தான் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். பத்தாம் வகுப்பில் ஒருநாள், அம்மா வார்டுக்குப் போன நேரம், வேகாத மூட்டை ஒன்றில் மார்க்கரால் கோடு போட்டு, வெந்தவற்றின் நடுவே செருகினேன். அக்கா ஏமாந்தால் அம்மா முன்னால் சிரிக்கலாம் என்று திட்டம்.

அவர் ஏமாறவில்லை. என் கோடு டேப்பைத் தாண்டித் துணியிலும் ஓடியிருந்தது.

“ஏஞ்சாமி, இது உன்ற கைவேலையா?”

“ஆமாங்க்கா. மூட்டைக்கு மீசை நல்லா இருக்குதுங்களா?”

“வயித்தத் தொறந்து கெடக்கற ஆளு மேல இத விரிப்பாங்க சாமி.”

அவர் சிரிக்கவில்லை. “ஒண்ணு பொய்யின்னா மத்ததயும் நம்பக் கூடாது” என்று அலமாரியிலிருந்த அத்தனை மூட்டைகளையும் மறுபடி வேகவைத்தார். மாலை ஆபரேஷன் தள்ளிப்போனது. டாக்டர் வந்து கத்தியபோது, “என்ற தப்புங்க சார். வேகாதத வெந்ததோட வெச்சுட்டனுங்க” என்றார். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அவருடைய மூட்டைகளையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா அந்த டேப்பை உரித்து என் கையில் ஒட்டினார். “உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அது கோளு.” அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “வெந்திருச்சா சாமி?” நானும், “இன்னும் பிரஷர் ஏறலீங்க்கா” என்று நழுவிவிடுவேன். இரண்டு வருஷம் நழுவினேன்.

அக்காவின் சொந்த ஊரான சேலத்தில் அடக்கத்தன்று சவப்பெட்டியைத் தடவியபடி அம்மா சொன்னார்: “அத்தன வருசத்துல ஒரே ஒரு தப்புத்தான் பண்ணுச்சு எங்கக்கா.”

அம்மா, அந்த ஒன்றும் அவருடையது இல்லை. அவரோடு வேலை பார்த்து, இன்று இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் கேளுங்கள், டாக்டர் உட்பட. இனி அம்மா அவரைத்தான் முழுசாக நம்புவார், என்னை நாலு முறை திருப்பிப் பார்ப்பார். செத்தும் அவரே ஜெயிக்கிறார். வயிறு எரியத்தான் செய்கிறது.

அந்த டேப் என் கணக்கு நோட்டின் அட்டைக்குள் இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுவும், அந்தக் கேள்வியும்தான்.

வெந்திருச்சுங்க்கா.