மருதமுறிப்புக்குப் படம் வந்த கதை

மருதமுறிப்பில் கௌசலா தொடங்கி வைத்து உருப்பட்ட காரியம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், ஊர் கொஞ்ச நேரம் தலையைச் சொறியும். காளான் வளர்ப்போம் என்றாள்; கொட்டில் போட்டார்கள், காளானும் பூத்தது, ஆனால் அதைச் சமைத்துத் தின்ன ஒருவருக்கும் மனம் வரவில்லை. கோழி வளர்ப்போம் என்றாள். அந்தக் கோழிகளால் பயன்பெற்றது கீரிகள்தான். மாதர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக அவளே செயலாளர். கூட்ட அறிக்கை எழுத வேறு யாரும் முன்வராததால்தான் அவள் அந்தக் கதிரையில் இருக்கிறாள் என்று சொல்பவர்களும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. தாய்தகப்பன் கரவெட்டியிலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துத் துணுக்காய்ப் பக்கம் வந்தவர்கள். நெல்லும் உழுந்துமாக வளர்ந்தவள், இருபத்திநாலு வயதில் குகதாசனைக் கட்டினாள். பிறகு ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமில் இருந்து, பற்றை மண்டிக் கிடந்த அதே காணிக்குத் திரும்பி வந்தாள். வந்த அன்று குகதாசன் கத்தியை எடுத்துப் பற்றை வெட்டத் தொடங்க, அவள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு காணி காணியாகப் போய் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பெயர் எழுதினாள். அந்தப் பெயர்களோடு மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் வாசலில் ஏழு தரம் போய் நின்றுதான் ஊருக்குப் பொதுக்கிணறு வாங்கினாள். அதை ஊர் மறந்துவிட்டது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே மறந்துவிட்டது.

போன மாரியில் அடைமழை ஐந்து நாள் விடாமல் பெய்தது. போன் கோபுரம் இரண்டாம் நாளே செத்தது. ஊரில் டிஷ் வைத்திருந்த வீடுகளில், மேகம் கறுத்தவுடன் படம் உறைந்து நின்றுவிட்டது. குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன, கீழே இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று ரீவியில் கடைசி நாள் பின்னேரம் முழுக்க அறிவித்தல் ஓடியதாம். மருதமுறிப்பில் ஒரு வீட்டில்கூட அது தெரியவில்லை. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது கடவுள் புண்ணியம். ஆனால் அடுத்த வீட்டு ராஜினி கட்டையில் கட்டியிருந்த மூன்று பால்மாடுகளும் கட்டிய கயிற்றோடு வெள்ளத்தில் போயின. புருசன் இல்லாமல் அந்த மாடுகளை வைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவள் ராஜினி. வெள்ளம் வடிந்த பிறகு அவள் வெறும் கட்டைக்குப் பக்கத்தில் இருந்த இருப்பைக் கௌசலாவால் மறக்க முடியவில்லை. தெரிந்திருந்தால் கயிற்றையாவது அவிழ்த்துவிட்டிருக்கலாமே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

அதனால்தான் டிஜிட்டல் ரீவி பற்றிய கதை காதில் விழுந்ததும் அவள் அதை விடவில்லை. கோபுரத்திலிருந்து வரும் சிக்னலை வீட்டு அன்ரனாவால் பிடித்து ஒரு சின்னப் பெட்டிக்குள் விட்டால், பத்துப் பதினைந்து சானல் துலக்கமாகத் தெரியுமாம். டிஷ்ஷும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். முக்கியமாக, எந்த மழைக்கும் படம் நிற்காதாம். பரீட்சார்த்தமாகச் சில ஊர்களுக்குப் பெட்டியை இலவசமாகவே கொடுக்கப் போகிறார்கள். அந்தச் சில ஊர்களில் மருதமுறிப்பின் பெயர் இல்லை. மீற்றரோடு வந்து அளந்த ஆள், இது சிக்னலின் எல்லையில் கிடக்கிற ஊர், வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது என்று சொல்லிப்போட்டுப் போய்விட்டான். கௌசலா ஒற்றைக்காலில் நின்றாள். பெட்டி கொடுக்கிற வவுனியா அலுவலகத்துக்கு நாலு தரம் பஸ் ஏறினாள். கடைசியில் அங்கிருந்த விதுசன் என்ற இளம் உத்தியோகத்தன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான்.

"சரி அக்கா, முப்பத்திரண்டு வீட்டுக்கும் தாறம். மூண்டு கிழமை பாருங்கோ. படம் வரேல்லையெண்டால் லொறி கொண்டுவந்து திருப்பி ஏத்திப்போடுவம். பிறகு என்னட்டை வரக்கூடாது."

பெட்டிகளும், பெட்டிக்கொரு முழ நீள அன்ரனாவும் வந்து இறங்கின. சானல்களை முன்கூட்டியே பதிந்துதான் அனுப்பியிருந்தார்கள். அன்ரனாவைக் கம்பத்தில் ஏற்றிக் கோபுரத்தின் பக்கம் திருப்புவது மட்டும்தான் வேலை.

அந்த வேலையில் மருதமுறிப்பாருக்குப் பாடம் எடுக்க யாராலும் முடியாது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த இந்தியச் சானலையே கம்பத்தில் பிடித்துப் பார்த்த ஆட்கள் அவர்கள். அதற்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் கம்பத்தைத் திருப்புவார், ஒருவர் ரீவிக்கு முன்னால் இருப்பார், மற்றவர் யன்னலடியில் நின்று செய்தி கடத்துவார். "வருது, வருது, விடாதை, ஐயோ போட்டுது, திரும்பி வா" என்று சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். திரையில் புள்ளி குறையக் குறையத் திசை சரியாகிறது என்று அர்த்தம். கையும் கண்ணும் பழகிய வித்தை.

டிஜிட்டலில் புள்ளி கிடையாது. நீலத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரே வசனம்தான். முப்பத்திரண்டு வீட்டிலும் மூன்று மூன்று பேராக நின்று கம்பத்தைச் சுற்றினார்கள். கோபுரத்தின் பக்கம் இழுத்தார்கள், அந்தப் பக்கத்தைத் தாண்டினார்கள், திரும்பி வந்தார்கள். நீலம் மாறவில்லை. கம்பத்தை உயர்த்தினார்கள், பாலை மரத்தில் ஏறிக் கட்டினார்கள். மாறவே இல்லை. முதல் கிழமை முடிய முன்னமே சனம் கையைக் கழுவிவிட்டது. ராஜினி பெட்டியைத் துடைத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

சந்திக் கடைச் சிற்றம்பலம் டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கட்டுகிற காட் விற்பவர். கெட்ட மனிதர் அல்ல, ஆனால் வாய் சும்மா இருக்காது.

"என்ன பிள்ளை," என்றார் கடைக்கு வந்த கௌசலாவிடம், "காளான் முளைச்சுது, ஒருத்தரும் தின்னேல்லை. உந்தப் பெட்டியிலை ஒண்டும் முளைக்கவே இல்லையே."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். கௌசலாவும் சிரித்தாள். சீனியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குசினிக்குள் நின்று அழுதாள். அவமானத்துக்காக அல்ல என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், அவமானமும் இருந்தது. இனி இந்த ஊரில் தான் வாய் திறந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அதைவிட, அடுத்த மாரிக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது. லொறி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவதாக விதுசன் போன் எடுத்துச் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை காலை குகதாசன் உழவுக்குப் புறப்பட்டார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் கௌசலா, "கடைசியா ஒருக்கா ரீவிக்கு முன்னாலை இருங்கோவன். நான் திருப்பிறன்."

"உழவு மெசின் வந்து நிக்குது. மூண்டு கிழமையா வராதது இண்டைக்கு எனக்காக வருமே?" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். ராஜினியைக் கூப்பிடக் கௌசலாவுக்கு முகமில்லை.

ஆகவே தனியாகவே இறங்கினாள். ரீவியைப் போட்டுவிட்டு வெளியே போய், கம்பத்தைக் கொஞ்சம் திருப்பினாள். பிறகு வீட்டைச் சுற்றி வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, புழுதிக் காலைத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். நீலம். மறுபடி வெளியே. மறுபடி கொஞ்சம். மறுபடி செருப்பு. இப்படி ஏழெட்டு நடை நடந்திருப்பாள். ஒன்பதாவது தரம் உள்ளே வந்தபோது ஒரு மனுசி அவளைப் பார்த்துத் தமிழில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

கௌசலா அசையவில்லை. தான் அசைந்தால் படம் போய்விடும் என்ற பயம். காலநிலை வாசித்து முடியும்வரை அப்படியே நின்றாள். வடக்கில் அடுத்த இரண்டு நாளும் வறண்ட காலநிலை என்றார்கள். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது.

மற்ற யாராக இருந்தாலும் கம்பத்தைக் கட்டிவிட்டுக் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருப்பார்கள். இவள் கௌசலா. வெளியே போய், மறுபடி வருமா என்று பார்க்க, வந்த படத்தைத் தானே கலைத்தாள். பிறகு கம்பத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, பொறுக்க முடியாமல் செருப்போடு உள்ளே ஓடினாள். நீலம். அதே இடம்தானே, அதே கம்பம்தானே என்று மூச்சு வாங்க நின்றாள். மூச்சு ஆறியபோது படம் வந்தது.

அப்போதுதான் விளங்கியது. இன்னொரு தரம் செய்து விரல்விட்டு எண்ணியும் பார்த்தாள். சிக்னல் கிடைத்த பிறகும் பெட்டி படத்தைக் காட்ட ஏழு எண்ணும் நேரம் எடுக்கிறது. மூன்று பேராக நின்று, இல்லை இல்லை என்று கத்திக் கத்திக் கம்பத்தைச் சுற்றியவர்கள், சரியான திசையை ஒவ்வொரு தரமும் கடந்துதான் போயிருக்கிறார்கள். இந்த எல்லை ஊரில் அந்தத் திசை இரண்டு விரல் அகலம்தான். பெட்டி வாய் திறக்க முன் கம்பம் அதைத் தாண்டிவிடும். பதறாத காரியம் சிதறாது என்று பேச்சுக்குப் பேச்சு சொல்லும் ஊர், கம்பத்தடியில் நின்று பதறியிருக்கிறது.

முதலில் ராஜினி வீட்டுக்குப் போனாள். அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை அவளே இறக்கி ரீவியில் பூட்டினாள்.

"விடுங்கோ அக்கா, வீண் வேலை," என்றாள் ராஜினி.

"நீ ஒண்டும் செய்ய வேண்டாம். ரெண்டு விரல் அளவு திருப்பு, கையை எடு, பிள்ளையாரே எண்டு பத்துத்தரம் ஆறுதலாச் சொல்லு. வரேல்லையெண்டால் இன்னும் ரெண்டு விரல். நான் உள்ளுக்கை இருக்கிறன். ஆரும் கத்தக் கூடாது."

ஆறாவது பிள்ளையார் சுற்றில் படம் வந்தது. கௌசலா கூப்பிடவும் ராஜினி உள்ளே வந்து கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"போன மாரிக்கு இது இருந்திருந்தால்," என்று தொடங்கினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அடுத்தது ஆரின்ரை வீடு?" என்றாள்.

வெளிக்கிட்டபோது இரண்டு பேர். பின்னேரம் ஆகும்போது பதினொரு பேர். ஒரு வீட்டில் படம் வந்தால் அந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். ஊர் முழுக்கப் பிள்ளையார் பெயர் கேட்டது. கோயில் திருவிழாவில்கூட இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக அவரைக் கூப்பிட்டதில்லை. உழவு முடிந்து வந்த குகதாசன் தன் வீட்டு ரீவிக்கு முன்னால் புழுதிக் காலோடு வாய் பிளந்து நின்றதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளி காலை எட்டு மணிக்கு முப்பத்தொரு வீட்டில் படம் தெரிந்தது. மிச்சம் சிற்றம்பலத்தார் வீடு.

அவர் கம்பத்தைப் பிடித்தபடி ஆலோசனை சொல்லிக்கொண்டே சுற்றினார். கௌசலா பக்கத்தில் போய் அவர் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"அண்ணை, கையையும் வாயையும் பத்து எண்ணுமட்டும் சும்மா வையுங்கோ."

வேலிக்கு வெளியே நின்ற சனம் சிரித்தது. இந்த முறை அவளோடு சேர்ந்து சிரித்தது. சிற்றம்பலத்தார் வாயை மூடிய நாலாவது தடவையில் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றார் அவர். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தி, "பெரிய வேலை செய்திருக்கிறாய்," என்றார்.

பத்து மணிக்கு லொறி வந்தது. பெட்டிகளைத் திருப்பி எடுக்கிற படிவத்தை எழுதியே கொண்டுவந்திருந்தான் விதுசன். அவனை வீடு வீடாகக் கூட்டிப்போய்ப் படத்தையும் பத்து எண்ணும் வித்தையையும் காட்டினார்கள். பத்து வீடு பார்த்ததும் போதும் என்றான். ஊர் விடவில்லை, முப்பத்திரண்டும் பார்க்க வைத்தது. கடைசி வீட்டு முற்றத்தில் நின்று படிவத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"இஞ்சை ஏத்த ஒண்டும் இல்லைப் போலை," என்றான் சிரித்தபடி.

ஆனால் லொறி வெறுமையாக இல்லை. பின்பக்கத்தில் இதே மாதிரிப் பெட்டிகள் அடுக்கியிருந்ததைக் கௌசலா கண்டாள்.

"உது எங்கத்தையான் பெட்டி, தம்பி?"

"காலமை அங்காலை ஒரு ஊரிலை ஏத்தினது அக்கா. குளத்துக்குக் கீழை, நல்ல பள்ளம். அங்கையும் வரேல்லையாம்."

"எப்பிடித் திருப்பிப் பாத்தவை?"

விதுசன் கம்பம் சுற்றுவதுபோல் கைகளால் வேகமாகக் காற்றில் சுற்றிக் காட்டினான். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் கை தானாக நின்றது.

கௌசலா குகதாசனைத் திரும்பிப் பார்த்தாள். "உலையிலை சோறு கிடக்கு, வடிச்சுப்போடுங்கோ," என்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லொறியின் முன்பக்கம் ஏறி இருந்தாள்.

"லொறியை அந்த ஊருக்குத் திருப்பச் சொல்லுங்கோ, தம்பி."

"எங்கை போறாய் பிள்ளை?" என்று சந்தியிலிருந்து சிற்றம்பலத்தார் கேட்டார்.

கௌசலா பதில் சொல்ல முன் ராஜினி முந்திக்கொண்டாள். "அண்ணை, மறியாதேங்கோ. எங்கட செயலாளர் வேலையாப் போறா," என்று சொல்லிக்கொண்டே அவளும் லொறியில் ஏறினாள்.